நாய்க்கு வயிற்றுப்போக்கா? முதலில் தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள்!

மாணவர்களே, தீபாவளிக்கு மறுநாள் நாய் வளர்க்கும் பல வீடுகளில் நடப்பதுதான் இது. விருந்தில் மிஞ்சிய ஆட்டுக்கறியை யாராவது நாய்க்குப் போட்டிருப்பார்கள். இரவில் அது வாந்தி எடுக்கும். காலையில் பார்த்தால் வாசலெல்லாம் தண்ணீராகக் கழிந்திருக்கும். வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அவற்றுள் எது சரி, எது ஆபத்து என்பதை நீங்கள் படித்த செரிமான மண்டலப் பாடத்தைக் கொண்டே கண்டுபிடிக்கலாம்.

குடலுக்குள் நடப்பது என்ன?

நாய்க்கும் நம்மைப் போலவே இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் உண்டு. சத்துகளும் நீரின் பெரும்பகுதியும் சிறுகுடலில் உறிஞ்சப்படுகின்றன. மீதி நீரைப் பெருங்குடல் உறிஞ்சி மலத்தைக் கெட்டியாக்குகிறது. கெட்டுப்போன உணவு, அதிகக் கொழுப்பு, புழு, கிருமி போன்றவற்றால் குடலின் உட்சுவர் பாதிக்கப்பட்டால் இந்த வேலை தடைப்படும். உடலுக்குள் போகவேண்டிய நீர் மலத்தோடு வெளியேறும்.

இப்போது ஒரு கணக்கு. நாயின் உடல் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு நீர். அப்படியானால் 10 கிலோ நாயின் உடலில் சுமார் 6 லிட்டர் நீர் இருக்கும். உடல் எடையில் 5 விழுக்காடு, அதாவது அரை லிட்டர் நீர் குறைந்தாலே அறிகுறிகள் தெரியத் தொடங்கும். 10 விழுக்காடு, அதாவது 1 லிட்டர் குறைந்தால் நிலைமை மிக மோசமாகிவிடும். 2 கிலோ எடையுள்ள குட்டிக்கு அந்த 10 விழுக்காடு எவ்வளவு? வெறும் 200 மில்லிலிட்டர், ஒரு சிறிய குவளை நீர்தான்! குட்டிகளின் விஷயத்தில் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று சொல்லக்கூடாது என்பது இதனால்தான்.

நீரிழப்பை எப்படி அறிவது?

1. தோல்: தோள்பட்டைக்கு மேலுள்ள தோலை மெதுவாகத் தூக்கி விடுங்கள். உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். கூடாரம்போல் நின்று மெல்ல இறங்கினால் நீர் குறைந்துள்ளது.

2. ஈறு: ஈரமாகவும் வழுவழுப்பாகவும் இருக்க வேண்டும். விரலில் ஒட்டினால் நீரிழப்பு.

3. இரத்த ஓட்டம்: இளஞ்சிவப்பான ஈற்றை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். இதை முதலில் உங்கள் விரல் நகத்தை அழுத்திப் பழகலாம்.

வயதான அல்லது மெலிந்த நாயின் தோல் இயல்பாகவே மெதுவாகத்தான் இறங்கும். ஆகவே மூன்றையும் சேர்த்தே பாருங்கள். நாய் உறுமினால் வாய்க்கருகில் கையைக் கொண்டுபோகாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

வளர்ந்த நாய், சுறுசுறுப்பு குறையவில்லை, தண்ணீர் குடிக்கிறது, இரத்தம் இல்லை என்றால் ஒரு நாள் வீட்டிலேயே கவனிக்கலாம்.

தண்ணீர்: 10 கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே அரை லிட்டருக்குக் குறையாமல் நீர் தேவை. வயிற்றுப்போக்கின்போது இன்னும் கூடுதலாக வேண்டும். வாந்தியும் இருந்தால் ஒரே மூச்சில் குடிக்க விடாமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி வையுங்கள்.

உணவு: வாந்தி எடுத்த வளர்ந்த நாயின் இரைப்பைக்கு 6 முதல் 12 மணி நேரம் ஓய்வு கொடுக்கலாம். வயிற்றுப்போக்கு மட்டும் என்றால் பட்டினி தேவையில்லை. குடல் செல்கள் தங்களுக்கு வேண்டிய சத்தில் ஒரு பகுதியைக் குடலில் உள்ள உணவிலிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. குட்டிகளைப் பட்டினி போடவே கூடாது. இரத்தச் சர்க்கரை விரைவில் இறங்கிவிடும்.

பத்திய உணவு: இரண்டு பங்கு குழைந்த சோறு, ஒரு பங்கு தோல் நீக்கி அவித்த கோழி நெஞ்சுக்கறி. உப்பும் எண்ணெயும் வேண்டாம். நாளுக்கு 3, 4 முறை சிறு அளவில் கொடுங்கள். மலம் கெட்டியானதும் 3, 4 நாள்களில் படிப்படியாகப் பழைய உணவுக்கு மாற்றுங்கள்.

நமக்குக் கஞ்சி காய்ச்சும்போது பூண்டும் வெங்காயமும் போடுவோம். நாய்க்கு அவை ஆகாது. அவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

இவற்றைக் கொடுக்காதீர்கள்

பால்: வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு லாக்டேஸ் நொதி குறைவு. செரிக்காத லாக்டோஸ் குடலில் தங்கி, சவ்வூடு பரவல் மூலம் நீரைக் குடலுக்குள் இழுக்கும். வயிற்றுப்போக்கு இன்னும் கூடும்.

மனிதர்களின் மாத்திரை: பனடோலில் உள்ள பாராசிட்டமோல் நாயின் கல்லீரலைச் சேதப்படுத்தக்கூடும். ஐபுபுரோஃபன் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். பேதியை நிறுத்த நாம் சாப்பிடும் லோபெராமைடு, கோலி போன்ற சில இன நாய்களிடம் காணப்படும் மரபணு மாற்றத்தால் மூளைக்குள் புகுந்து நஞ்சாகிவிடும்.

உப்புக் கரைசல்: வாந்தி வரட்டும் என்று உப்பைக் கரைத்து ஊற்றுவது, இரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடும்.

உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டியவை

• மலத்தில் அல்லது வாந்தியில் இரத்தம்; தார்போன்ற கறுப்பு மலம்
• குடித்த தண்ணீரையும் வாந்தி எடுத்தல்
• சோர்ந்து படுத்தல், வெளுத்த ஈறு
• வயிறு உப்புதல், எதுவும் வராமல் மீண்டும் மீண்டும் ஓங்கரித்தல்
• எலும்பு, மாங்கொட்டை, சாக்லேட், எலி மருந்து தின்றிருக்கலாம் என்ற சந்தேகம்
• 24 மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லாமை
• தடுப்பூசி முழுமையடையாத குட்டி

கடைசிக் காரணம் மிக முக்கியம். 1978-இல் உலகின் பல பகுதிகளில் பரவிய பார்வோ வைரஸ் இன்றும் குட்டிகளைக் கொல்கிறது. வேகமாகப் பிரியும் செல்களையே அது தாக்கும். அதனால் குடல் உட்சுவரும் எலும்பு மஜ்ஜையும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படும். நீரும் போகும், கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களும் குறையும். சோறும் கோழியும் இதற்கு மருந்தாகாது. 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வாரம் வரை இடைவெளி விட்டுப் போடப்படும் தடுப்பூசிகளே பாதுகாப்பு.

மருத்துவரிடம் போகும்போது ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை முறை கழிந்தது, என்ன நிறம், எவ்வளவு குடித்தது, கடைசியாக என்ன தின்றது என்பதை நேரத்தோடு எழுதியிருந்தால், பேச முடியாத நோயாளிக்காக நீங்கள் பேசியதாகும். சுத்தம் செய்யும்போது கையுறை அணியுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கைகழுவுங்கள். சில கிருமிகளும் புழு முட்டைகளும் நமக்கும் தொற்றும்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. 4 கிலோ எடையுள்ள நாய் உடல் எடையில் 5 விழுக்காடு நீரை இழந்தால், அது எத்தனை மில்லிலிட்டர்?
2. பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு கூடுவது ஏன்? சவ்வூடு பரவலைக் கொண்டு விளக்குக.
3. பார்வோ வைரஸ் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் ஒருசேரத் தாக்குவது ஏன்?