தெரியாத நம்பரா? எடுத்தாலும் நஷ்டம், எடுக்காவிட்டாலும் நஷ்டம்! சைடு பிசினஸ் செய்பவர்களுக்கு 5 வழிகள்



சம்பளம் மட்டும் வாங்குபவருக்கு லோன் கால், கிரெடிட் கார்டு கால் எல்லாம் வெறும் எரிச்சல். கட் பண்ணிட்டு வேலையைப் பார்க்கலாம். ஆனா வேலையோட சேர்த்து வீட்டுல கேக் செஞ்சு விக்கிறீங்க, ஆன்லைன்ல புடவை விக்கிறீங்கன்னா கதையே வேற. உங்க அடுத்த கஸ்டமரும் ஒரு தெரியாத நம்பர்தானே!

என்னிடம் கணக்கு பார்க்க வரும் ஒருவர் ஐடி வேலையில் இருக்கிறார்; வார இறுதியில் கேக் ஆர்டர் எடுக்கிறார். கூகுள் மேப்ஸில் நம்பரைப் போட்ட கொஞ்ச நாளிலேயே லோன், வெப்சைட், டிரேட்மார்க் என்று தினமும் ஏழெட்டு கால். வெறுத்துப்போய் தெரியாத நம்பர்களை எல்லாம் சைலன்ட்டில் போட்டார். அந்த மாசமே 18,000 ரூபாய் ரிசப்ஷன் ஆர்டர் ஒன்று கைநழுவியது. சரி என்று மறுபடி எடுக்க ஆரம்பித்தார். "உங்க உத்யம் சர்டிபிகேட் இன்னைக்கோட முடியுது மேடம்" என்று ஒரு கால். பயந்து 2,500 ரூபாய் அனுப்பிவிட்டார். உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, ரினியூவலும் கிடையாது!

அதனால, எடுக்கணுமா வேண்டாமான்னு ஒவ்வொரு காலுக்கும் யோசிக்காதீங்க. ஒரு ஏற்பாடு பண்ணிக்கோங்க.

1. பிசினஸுக்குத் தனி நம்பர்

பேங்க், யுபிஐ, ஆதாரோடு இணைந்த நம்பரை விசிட்டிங் கார்டிலோ இன்ஸ்டாகிராமிலோ போடவே போடாதீங்க. இன்னொரு சிம் வாங்குங்க. விளம்பரத்தில் அது மட்டும் போகட்டும். அப்புறம் "உங்க பேங்க்ல இருந்து பேசுறோம்" என்று பிசினஸ் நம்பருக்கு கால் வந்தாலே பொய் என்று தெரிந்துவிடும். பேங்குக்குத்தான் அந்த நம்பரே தெரியாதே! பிசினஸ் வாட்ஸ்அப்பையும் அதே நம்பரில் வையுங்கள். கால் எடுக்க முடியாதபோது, "ஆர்டர் விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்க" என்று ஒரு மெசேஜ் தட்டிவிடுங்க. நிஜமான கஸ்டமர் பெரும்பாலும் பதில் போடுவார்.

2. நம்பரின் தொடக்கத்தைப் பாருங்க

டிராய் விதிப்படி பதிவு செய்த டெலிமார்க்கெட்டிங் கால்கள் 140 என்று தொடங்கும் நம்பரில் இருந்து வரணும். அதை எடுக்காவிட்டால் ஆர்டர் எதுவும் போயிடாது. சேவை, பரிவர்த்தனை தொடர்பான கால்களுக்கு 1600 வரிசை. சாதாரண 10 இலக்க மொபைலில் இருந்து முன்பின் தெரியாத ஒருத்தர் லோன் விக்கிறார்னா, அவர் விதியை மீறுகிறார்.

3. டிஎன்டி போடுங்க, புகாரும் கொடுங்க

1909-க்கு கால் பண்ணியோ, டிராயின் டிஎன்டி ஆப்பிலோ பதிவு செய்யலாம். எல்லா விளம்பரத்தையும் தடுக்கலாம். இல்லை, பேங்கிங், ரியல் எஸ்டேட் மாதிரி வேண்டாத பிரிவுகளை மட்டும் தடுக்கலாம். ஓடிபி வருவது நிற்காது. "டிஎன்டி போட்டும் கால் வருதே சார்?" என்று கேட்பீங்க. பதிவு செய்யாத ஆட்கள் அந்தப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. அவங்களுக்குப் புகார்தான் மருந்து. 2025-ல் திருத்திய விதிப்படி, கால் வந்த 7 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். இப்படிப்பட்ட ஆட்கள் மேல் புகார் கொடுக்க டிஎன்டி பதிவுகூடத் தேவையில்லை. நம்பர், தேதி, என்ன விற்றார்கள் என்று மூன்றையும் குறித்து வைத்தால் போதும்.

4. போனில் பணமுடிவு எடுக்காதீங்க

"இன்னைக்கு மட்டும்தான் ஆஃபர்" என்றால் ஒரே பதில்: "ஈமெயில்ல அனுப்புங்க." லோன் என்றால் கேஎஃப்எஸ், அதாவது முக்கிய விவரத் தாள் கேளுங்க. அதில் ஏபிஆர், அதாவது கட்டணங்களும் சேர்ந்த உண்மையான வருட வட்டி இருக்கும். "மாசம் 1% தான் சார்" என்று சொல்லும் 5 லட்சம் லோனைப் பாருங்க. ஃப்ளாட் வட்டியில் 3 வருஷத்துக்கு 1,80,000 ரூபாய் வட்டி, இஎம்ஐ 18,889. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் இது வருடத்துக்கு 12% இல்லை, சுமார் 21%! காலில் கேட்கும்போது இந்த வித்தியாசம் காதில் விழாது. பணம் அனுப்பி ஏமாந்துட்டீங்கன்னா, தாமதிக்காமல் 1930-க்கு கால் பண்ணுங்க.

5. நீங்களே ஸ்பேமர் ஆயிடாதீங்க

இதைத்தான் நிறைய பேர் யோசிப்பதில்லை. தீபாவளிக்கு முன்னாடி 300 நம்பரை எடுத்து வச்சுக்கிட்டு உங்க மொபைலில் இருந்தே "ஆஃபர் இருக்கு" என்று கால் பண்ணினால், விதியின் கண்ணில் நீங்களும் பதிவு செய்யாத டெலிமார்க்கெட்டர்தான். 10 நாளில் 5 பேர் புகார் கொடுத்தாலே நடவடிக்கை தொடங்கலாம். முதல் முறை என்றால் அவுட்கோயிங் 15 நாள் நிற்கும். மறுபடி செய்தால் உங்க பெயரில் உள்ள எல்லா இணைப்பும் ஒரு வருஷத்துக்குப் போகலாம். ஆபீஸ் காலுக்கும் பேங்க் ஓடிபிக்கும் வைத்திருக்கும் நம்பரும் அதில் அடக்கம்!

அதனால ஆர்டர் எடுக்கும்போதே "புது ஐட்டம் வந்தா சொல்லட்டுமா?" என்று கேட்டுக்கோங்க. சரி என்றவர்களுக்கு மட்டும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் போதும். உங்க நம்பரை சேவ் பண்ணி வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போகும் என்பதால், யாருக்கும் தொந்தரவு இல்லை.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க பேங்க் நம்பர் எந்தெந்த விளம்பரத்தில், எந்தெந்த பக்கத்தில் இருக்கு என்று தேடிப் பார்த்து எடுத்துவிடுங்க. சிம் மாற்றுவதை அடுத்த வாரம்கூடப் பார்த்துக்கலாம். ஃப்ளாட் வட்டிக் கணக்கை எக்செல்லில் போட்டுப் பார்ப்பது எப்படி என்று நம்ம சேனல்ல அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.