விலைப்பட்டியலைப் படிப்போம்

(உரைநடை)

மாணவர்களே, மீன் சந்தையில் உங்கள் அம்மா விலை கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். விற்பவர் சொன்ன விலைக்கு அவர் உடனே வாங்குவதில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். விலையைக் கேட்டு முகம் சுளிக்கிறார். அடுத்த கூடையை நோக்கி ஓர் அடி எடுத்து வைக்கிறார். விற்பவர் திரும்ப அழைக்கிறார். பத்து நிமிடத்தில் விலை இறங்குகிறது. அதே அம்மாவும் அப்பாவும் மகிழுந்து விற்கும் காட்சியறைக்குள் நுழைந்தால் வாயடைத்துப் போகின்றனர். குளிரூட்டிய அறை, கழுத்துப்பட்டை அணிந்த இளைஞர், ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாள். முந்நூறு ரூபாய் மீனுக்குப் பத்து நிமிடம் பேசியவர்கள், ஏழு இலட்ச ரூபாய்க்குப் பத்து நொடியில் தலையசைத்துவிடுகின்றனர். அந்த ஆங்கிலத் தாளை வீட்டாருக்குப் படித்துப் பொருள் சொல்லக்கூடியவர் பல வீடுகளில் நீங்கள்தாம். அதனால்தான் இதை உங்களுக்குப் பாடமாக வைத்திருக்கிறோம்.

விலை பேசுவது தமிழருக்குப் புதியதன்று. ‘பகர்தல்’ என்னும் பழஞ்சொல்லுக்குச் சொல்லுதல் என்பதோடு விலை கூறுதல், விற்றல் என்னும் பொருள்களும் உண்டு. பூம்புகார் வணிகர் பொருளின் விலையை மறைக்காது கூறி விற்றதைப் பட்டினப்பாலை போற்றுகிறது. பிற்காலத்தில் மாட்டுச் சந்தைகளில் வேறொரு வழக்கம் தோன்றியது. மணப்பாறை, அந்தியூர் போன்ற ஊர்களின் சந்தைகளில் தரகரும் வாங்குபவரும் ஒரு துண்டுக்கு அடியில் கைகளை நுழைத்து, விரல்களைப் பற்றியே விலை பேசுவர். சுற்றி நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது. பேசும் இருவருக்கும் எல்லாம் விளங்கும். ‘பேரம் படிந்தது’ என்கிறோம். ‘அடிமாட்டு விலை’ என்கிறோம். பின்னது அந்தச் சந்தையிலிருந்தே நம் பேச்சுக்குள் வந்தது.

இன்றைய காட்சியறையிலும் ஒரு துண்டு இருக்கிறது. ஆனால் அது வாங்குபவரிடமிருந்தே விலையை மறைக்கிறது. ‘சாலைக்கு வரும் விலை’ என்னும் ஒற்றைத் தொகையே அந்தத் துண்டு. அதனை விலக்கி, உள்ளே இருப்பவற்றை வரி வரியாகப் பார்க்க வேண்டும்.

கணக்குப் பழகுவதற்காக ஒரு விலைப்பட்டியலை எடுத்துக்கொள்வோம். 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் எந்திரமும் நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் கொண்ட சிறிய மகிழுந்து இது.

காட்சியறை விலை: ரூ.6,49,000
பதிவும் சாலை வரியும்: ரூ.40,000
காப்பீடு: ரூ.38,000
துணைப்பொருள்கள்: ரூ.22,000
நீட்டித்த உத்தரவாதம்: ரூ.14,000
கையாளும் கட்டணம்: ரூ.8,000
மொத்தம்: ரூ.7,71,000

முதல் வரியிலேயே அரசின் பங்கு அடங்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய சிறிய மகிழுந்துகளுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. அதற்குமுன் 28 விழுக்காடும் அதன்மேல் ஒரு கூடுதல் தீர்வையும் இருந்தன. வண்டியின் அடிப்படை விலை ரூ.5,50,000 என்றால் வரி ரூ.99,000, இரண்டும் சேர்ந்து ரூ.6,49,000. தமிழ்நாட்டில் இந்த வரியில் பாதி ஒன்றிய அரசுக்கும் பாதி மாநில அரசுக்கும் உரியது. சட்டமன்றம் இல்லாத அந்தமான் நிக்கோபாரில் மறுபாதி, ஒன்றிய ஆட்சிப்பகுதி வரி என்னும் பெயரில் பெறப்படுகிறது. பெயர் மாறினாலும் விழுக்காடு மாறாது. வரியைக் குறைக்க எந்த விற்பனையாளராலும் இயலாது. பதிவுக் கட்டணமும் சாலை வரியும் அப்படியே. அவற்றின் உண்மைத் தொகையைப் போக்குவரத்துத் துறையிடம் கேட்டறிந்து, பட்டியலில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

காப்பீடு என்னும் வரியில்தான் பலர் ஏமாறுகின்றனர். அது ஒன்றன்று, இரண்டு. நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கானது மூன்றாம் நபர் காப்பீடு. உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2018 செப்டம்பர் 1 முதல் புதிய மகிழுந்துக்கு இதனை மூன்று ஆண்டுக்கும் சேர்த்தே எடுக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையுள்ள தனியார் மகிழுந்துக்கு இதன் மூன்றாண்டுக் கட்டணம் வரி நீங்கலாக ரூ.10,640. இது எந்த நிறுவனத்திலும் ஒன்றே. நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கானது இரண்டாவது. அதன் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதை விற்பனையாளரிடமே எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கடனில் வாங்கினால் வங்கி இதனைக் கட்டாயம் கேட்கும். ஆனால் எந்தக் கடையில் எடுப்பது என்பது வாங்குபவரின் உரிமை.

துணைப்பொருள்கள் முழுவதும் நம் விருப்பம். மாயாபந்தரின் மழைக்குக் கால்மிதியும் சேறு தடுப்பானும் வேண்டும். வண்ண விளக்கு வேண்டுவதில்லை. நீட்டித்த உத்தரவாதத்தைத் தமிழ்நாட்டில் இருப்பவர் வேண்டாம் என்று ஒதுக்கலாம். உதிரி உறுப்புகள் கப்பலேறி வரவேண்டிய தீவில் அதை வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. கையாளும் கட்டணம் கடைக்கு வந்த வண்டியைக் கழுவி நிறுத்துவதற்கு என்பார்கள். அது கடைக்காரரின் வேலை. எந்தச் சட்டமும் அதை நம் தலையில் ஏற்றவில்லை. தீவுக்கு மட்டும் உரிய ஒரு கேள்வியும் உண்டு: கப்பல் கட்டணம் காட்சியறை விலைக்குள் அடங்கியதா, தனியா? விடையை எழுத்தில் பெற வேண்டும்.

பேரம் பேசுபவரின் வலிமை, எழுந்து போக முடிவதில் இருக்கிறது. மீன் சந்தையில் அடுத்த கூடை இரண்டு அடி தொலைவில் உள்ளது. மாயாபந்தரில் இருப்பவருக்கோ, ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவு. ஜாரவா காப்பகத்தின் வழியே வாகன அணி புறப்படும் நேரத்துக்குக் காத்திருந்து, ஒரு பகலைச் சாலையில் கழித்துக் காட்சியறையை அடைபவர், வெறுங்கையோடு திரும்ப மனம் கொள்ளமாட்டார். விற்பனையாளருக்கும் அது தெரியும். எனவே தீவின் வடபகுதியில் வாழ்வோர் பேரத்தைப் பயணத்துக்குமுன் முடிக்க வேண்டும். இரண்டு மூன்று நிறுவனங்களிடம் தொலைபேசியில் கேட்டு, வரி வரியாகப் பிரித்த பட்டியலை வாட்சாப்பில் பெறுக. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் குறைக்கச் சொல்லுக. வண்டியைப் பார்க்கவும் எடுக்கவும் மட்டுமே பயணம்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். தயாரிப்பு நிறுவனம் விற்பனையாளருக்கு மாதந்தோறும் ஓர் இலக்கு வைக்கிறது. அதனை எட்டினால் ஊக்கத்தொகை. மாதத்தின் கடைசி நாள்களில் இன்னும் இரண்டு வண்டிகள் விற்க வேண்டிய கடையில் விலை இளகும். காட்சியறையில் நிற்கும் வண்டிகளும் பெரும்பாலும் வங்கிக் கடனில் வாங்கி வைத்தவை. நிற்கும் ஒவ்வொரு நாளும் வட்டி ஏறும். டிசம்பரில் நிற்கும் வண்டி சனவரியில் ‘போன ஆண்டு வண்டி’ ஆகிவிடும். தயாரித்த மாதமும் ஆண்டும் பதிவுச் சான்றில் எழுதப்படுவதால், பின்னர் விற்கும்போது அதற்கு விலை குறையும். ஆகவே பழைய ஆண்டு வண்டியை ஏற்பவர் அந்தக் குறைவை இன்றே தள்ளுபடியாகப் பெற வேண்டும். புதிய ஆண்டு வண்டியின் விலைக்கு வாங்கக் கூடாது.

இனி ஓர் உரையாடல். கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் தந்தையும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளும் நாம் பார்த்த பட்டியலோடு காட்சியறையில் அமர்ந்திருக்கின்றனர்.

விற்பனையாளர்: ஐயா, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று மட்டும் சொல்லுங்கள். மற்றவற்றை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தந்தை: தவணையைப் பிறகு பேசுவோம், தம்பி. முதலில் வண்டியின் விலை.

விற்பனையாளர்: இதுவே கடைசி விலை, ஐயா.

மகள்: அண்ணா, கையாளும் கட்டணம் எட்டாயிரம் எதற்கு?

விற்பனையாளர்: எல்லாருக்கும் போடுவதுதான், பாப்பா.

மகள்: அரசு ஆணை இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். காப்பீட்டுக்கு வேறு இடத்தில் முப்பத்தோராயிரம் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் இருக்கிறது.

விற்பனையாளர்: மேலாளரிடம் கேட்டு வருகிறேன்.

(அவர் உள்ளே செல்கிறார். நெடுநேரம் வரவில்லை. தந்தை எழுந்து தேநீர் குடிக்கப் போகலாமா என்கிறார். மகள், இருக்கட்டும் அப்பா என்கிறாள். விற்பனையாளர் திரும்பி வருகிறார்.)

விற்பனையாளர்: காப்பீட்டை முப்பத்தோராயிரத்துக்கே தருகிறோம். கையாளும் கட்டணத்தையும் நீக்கிவிட்டோம். இன்றே அச்சாரம் கொடுத்தால் விலையில் பத்தாயிரம் தள்ளுபடி.

தந்தை: கால்மிதியும் சேறு தடுப்பானும் ஐயாயிரத்துக்குள் போதும், மற்றத் துணைப்பொருள்கள் வேண்டாம். தள்ளுபடி இருபதாயிரம் என்றால் சொல்லுங்கள், தம்பி. இல்லையென்றால் வீட்டில் கலந்து பேசிவிட்டு அடுத்த வாரம் பேசுகிறேன்.

(விற்பனையாளர் மீண்டும் உள்ளே சென்று வந்து இசைகிறார்.)

இந்த உரையாடலில் எவரும் குரல் உயர்த்தவில்லை. எவரும் பொய் சொல்லவுமில்லை. அந்த இளைஞருக்கும் இலக்கு உண்டு, குடும்பம் உண்டு. மேலாளரைக் கேட்கப் போவது பேரத்தின் ஒரு பகுதி. அந்த இடைவெளியில் வாங்குபவர் தாமே முன்வந்து விலையை ஏற்றிவிடாமல் அமைதியாக இருக்க வேண்டும்.

மொத்தம் இப்போது எவ்வளவு? கையாளும் கட்டணத்தில் 8,000, காப்பீட்டில் 7,000, துணைப்பொருள்களில் 17,000, தள்ளுபடியாக 20,000. ஆக 52,000 குறைந்து, விலை ரூ.7,19,000 ஆயிற்று.

தந்தை ஏன் தவணைப் பேச்சைத் தள்ளிவைத்தார் என்பதை இனிக் காண்போம். அவர் ஐந்து இலட்சம் கடன் வாங்குவதாகக் கொள்வோம். குறையும் இருப்பின்மீது ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி. ஐந்து ஆண்டில் திருப்பினால் மாதத் தவணை ரூ.10,379, மொத்தம் கட்டுவது ரூ.6,22,740. ‘தவணையை எட்டாயிரமாகக் குறைத்துத் தருகிறேன்’ என்று சொல்லி ஏழு ஆண்டாக நீட்டினால் மாதம் ரூ.8,045, மொத்தம் ரூ.6,75,780. வேறுபாடு ஏறத்தாழ 53,000. ஒரு நாள் முழுதும் பேசிக் குறைத்த 52,000 ரூபாயும் இரண்டு ஆண்டு நீட்டிப்பில் மறைந்து போகிறது! விலையைக் குறைக்காமலே தவணையைக் குறைக்க முடியும் என்பதால்தான் விற்பனையாளரின் முதல் கேள்வி மாதத் தவணையைப் பற்றியதாக இருக்கிறது. கடனுக்கு வேறு வங்கிகளிலும் வட்டி கேட்டுவிட்டே கடையின் கடனை ஏற்பதா என்று முடிவு செய்க.

அச்சாரம் கடைசியில்தான். பணம் கைமாறியபின் பேரம் இல்லை. வண்டியின் வகை, நிறம், தயாரித்த மாதம், ஒப்புக்கொண்ட ஒவ்வொரு தொகை, ஒப்படைக்கும் நாள் ஆகியவற்றை எழுதி முத்திரையிட்ட தாளைப் பெற்றுக்கொண்டே அச்சாரம் தருக. தீவுக்கு வண்டி கடல்வழி வருகிறது. எனவே எடுக்கும் நாளில் பகல் வெளிச்சத்தில் அடிப்பகுதியில் துரு உண்டா, வண்ணம் மறுபூச்சு கண்டுள்ளதா, அடிச்சட்ட எண் தாளில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். மாயாபந்தர் வந்தபின் குறையைக் கண்டால் மீண்டும் 240 கிலோமீட்டர்.

சொல்லும் பொருளும்

பகர்தல் – சொல்லுதல், விலை கூறுதல்
அச்சாரம் – வாங்குவதை உறுதிசெய்ய முன்னதாகத் தரும் பணம்
தரகர் – வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே நின்று பேசுபவர்
தீர்வை – வரி
பேரம் படிதல் – இருவரும் ஒரு விலைக்கு இசைதல்
அடிமாட்டு விலை – மிகக் குறைந்த விலை

பயிற்சி

1. பாடத்தில் உள்ள விலைப்பட்டியலில் விற்பனையாளரால் குறைக்க இயலாத தொகைகள் யாவை? காரணம் கூறுக.

2. ஒரு சிறிய மகிழுந்தின் காட்சியறை விலை ரூ.5,90,000. இதில் அடங்கிய 18 விழுக்காடு ஜிஎஸ்டி எவ்வளவு?

3. ‘இதுவே கடைசி விலை’ என்று விற்பனையாளர் கூறியபின்னும் விலை குறைந்தது எவ்வாறு? ஐந்து தொடர்களில் எழுதுக.

4. அச்சாரம், பேரம் படிதல், அடிமாட்டு விலை ஆகியவற்றைச் சொந்தத் தொடர்களில் அமைக்க.

5. உங்கள் வீட்டில் அண்மையில் வாங்கிய பெரிய பொருள் ஒன்றின் ஆங்கிலப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் எழுதி, பெற்றோருக்குப் படித்துக் காட்டுக. அவர்கள் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு வகுப்புக்கு வருக.