மழையின் கணக்கும் மனிதனின் பங்கும்

2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் நாள் பிற்பகலில் குனோங் ஜெராய் மலையில் கொட்டிய பெருமழையை யான் வட்டார மக்கள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். மலைச்சரிவுகள் இளகிச் சரிந்தன. சேறும் பாறையும் வேரோடு பெயர்ந்த மரங்களும் ஆற்றுநீரோடு கலந்து தீத்தி ஹயூன் முதலிய இடங்களில் பாய்ந்தன. உயிர்கள் பலியாயின; வீடுகள் சிதைந்தன. அடுத்த ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் பாலிங் வட்டாரத்தில் கூப்பாங் பகுதியை அதே போன்றதொரு வெள்ளம் தாக்கியது. அதில் மூவர் மாண்டனர்.

“இப்படியொரு மழையை நம் பெற்றோர் காலத்தில் கண்டதுண்டா?” என்ற கேள்வி அந்நாள்களில் பலர் வாயிலும் எழுந்தது. “எல்லாம் இயற்கையின் சீற்றம்” என்றனர் சிலர். “எல்லாம் மனிதன் செய்த வினை” என்றனர் வேறு சிலர். இவ்விரண்டில் எது சரி? அறிவியல் இதற்கு என்ன விடை தருகிறது என்பதை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

காற்று சுமக்கும் நீர்

யான் வெள்ளத்திற்கு ஒன்பது நாள்களுக்கு முன்னர், 2021 ஆகஸ்ட் 9-ஆம் நாள், ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் பருவநிலை அறிஞர் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. மனிதனின் செயல்களால் பூமி வெப்பமடைந்துள்ளது என்பதில் ஐயமே இல்லை என்று அது கூறியது. தொழிற்புரட்சிக்கு முற்பட்ட காலத்தைக் காட்டிலும் பூமியின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் உயர்ந்திருந்தது.

ஒரு பாகை என்பது சிறிதன்றோ எனலாம். ஆனால் காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். அந்நீராவியே மழையாகப் பொழிகிறது. ஆதலால், பெய்யும் வேளையில் மழை முன்னிலும் வேகமாகக் கொட்டுகிறது. கடலோரத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் ஜெராய் போன்ற மலையில் ஈரக்காற்று மோதி மேலேறும்போது மழை இன்னும் மிகுகிறது.

மனிதனே காரணம் என்பதற்குச் சான்று

நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் எரிக்கும்போது கரியமில வாயு வெளியாகிறது. முற்காலத்தில் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த இவ்வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தை இது தடுத்து நிறுத்துகிறது. பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த எரிபொருளின் கரியில், உயிருள்ள மரங்களின் கரியில் காணப்படும் கதிரியக்கக் கூறு இராது. காற்றில் கூடிவரும் வாயு எங்கிருந்து வந்தது என்பதை இந்த அடையாளம் காட்டிக்கொடுக்கிறது.

வெப்பம் கதிரவனால் கூடியிருந்தால் காற்று மண்டலத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் ஒருசேரச் சூடாகியிருக்கும். கீழடுக்கு சூடாக, மேலடுக்கு குளிர்ந்து வருவதையே அளவீடுகள் காட்டுகின்றன. இது கரியமில வாயுவின் கைரேகை எனலாம்.

இரண்டு நிரைகள்

சரி, ஒரு குறிப்பிட்ட மழையில் மனிதனின் பங்கு எவ்வளவு என்று எங்ஙனம் கணக்கிடுவது? புதிய உரத்தைச் சோதிப்பவர்கள் ஒரு நிரை மரங்களுக்கு உரமிட்டு, மற்றொரு நிரையை உரமின்றி விடுவார்கள். பின்னர் இரண்டின் பாலையும் நிறுத்துப் பார்ப்பார்கள். ஆனால் நமக்கு இருப்பது ஒரே பூமி. உரமிடாத இன்னொரு நிரைக்கு எங்கே போவது? அறிஞர்கள் கணினியின் துணையால் கூடுதல் கரியமில வாயு கலவாத மற்றொரு பூமியைக் கணக்கில் உருவாக்குகின்றனர். பழைய மழைப் பதிவுகளையும் சேர்த்து இரண்டையும் ஒப்பிடுகின்றனர்.

2024 ஜூலை 30-ஆம் நாள் விடியுமுன் கேரளத்தின் வயநாட்டில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள் மண்ணுள் புதைந்தன. 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய மழை, பூமி வெப்பமடைந்ததால் சுமார் 10 விழுக்காடு கனத்திருந்தது என அறிஞர் குழு கணித்தது. பத்து விழுக்காடுதானே என்று எண்ணலாகாது. விளிம்புவரை நிரம்பிய மங்கில் மேலும் விழும் சில துளிகளே பாலை வழியச் செய்கின்றன. நீர் ஊறிய மலைச்சரிவின் நிலையும் அத்தகையதே.

வெயிலுக்கும் இக்கணக்கு உண்டு. 2023 ஏப்ரலில் இந்தியாவையும் வங்காள தேசத்தையும் வாட்டிய புழுக்கம், வெப்பமடைந்த பூமியில் குறைந்தது 30 மடங்கு எளிதில் நேரக்கூடியதாகிவிட்டது என்று கண்டறிந்தனர்.

எனினும், எல்லாவற்றையும் மனிதன்மேல் சுமத்துவதும் அறிவியல் ஆகாது. 1998 ஏப்ரல் 9-ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் வெப்பம் 40.1 பாகையைத் தொட்டது. அக்காலத்து வெயிலுக்கு எல் நினோ என்னும் இயற்கை நிகழ்வு பெருங்காரணம். மழையும் வெயிலும் இயற்கையின் கொடைகளே. அவற்றின் கடுமையைக் கூட்டியதில் மனிதனுக்குப் பங்குண்டு என்பதே சரியான விடை.

நாம் செய்ய வேண்டுவது

காலையில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டிய பின் பெய்தால் மங்கிலுள்ள பாலும் வீண். வானிலை மாறினால் முதலில் அடிபடுவது நம் நாட்கூலியே. உயிரோ அதனினும் பெரிது. ஆதலால் பின்வருவனவற்றை நினைவிற் கொள்வோமாக.

மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் தொடர்மழை எச்சரிக்கையில் மஞ்சள் விழிப்பையும், செம்மஞ்சள் கடுமையையும், சிவப்பு ஆபத்தையும் குறிக்கும். மலையில் கருமேகம் சூழ்ந்திருந்தால், நாம் நிற்குமிடத்தில் வெயில் அடித்தாலும் அருவியிலும் ஆற்றிலும் குளித்தல் கூடாது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ, அது ‘கெப்பாலா ஆயர்’ எனப்படும் நீர்ப்பெருக்கின் அறிகுறி. பொருள்களை எடுக்க நில்லாமல் பிள்ளைகளுடன் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். உதவிக்கு 999-ஐ அழைக்கலாம்.

வெயில் கடுமையாகும் நாள்களில் தாகம் எடுக்குமுன்பே நீர் பருகுக, நிழலில் இளைப்பாறுக. குடியிருப்பைச் சுற்றியுள்ள கால்வாய்களில் குப்பை சேரவிடாதீர்.

பூமியின் வெப்பத்தைத் தணிப்பது உலக நாடுகள் யாவும் கூடிச் செய்ய வேண்டிய பெரும்பணி. அது நிறைவேறக் காலம் செல்லும். அதுவரை, மலையையும் வானத்தையும் பார்த்து, எச்சரிக்கையைக் கேட்டு நடக்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு இன்றே கற்பிப்போம்.