குத்தகை லாரியைத் திருப்பிக் கொடுக்கும்போது

நூல் சிப்பங்களைத் தறியுள்ள ஊர்களுக்கு அனுப்பவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும் லாரியோ வேனோ சில ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுக்கப்படுவதுண்டு. மாதக் குத்தகையை மட்டும் பார்த்து, "இது நமக்குக் கட்டும்" என்று நாம் தீர்மானித்துவிடுகிறோம். தவணை முடிந்து வண்டியை ஒப்படைக்கும் நாளில், எதிர்பாராத செலவுப் பட்டியல் ஒன்று வந்து சேர்கிறது. அது எவ்வாறு உருவாகிறது என்பதே இம்மாதப் பாடம்.

முதலாவது, ஓட்டத்தின் அளவு. மாதம் 1,500 கிலோமீட்டர் வீதம் 36 மாதங்களுக்கு 54,000 கிலோமீட்டர் ஓட்டலாம் என்பது ஷரத்து என வைத்துக்கொள்வோம். ஒப்படைக்கும் நாளில் மீட்டர் 61,000 காட்டுகிறது. மிகை 7,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 4 ரூபாய் மிகைக் கட்டணமாயின் 28,000 ரூபாய் ஒரே தடவையில் செலுத்த வேண்டும். மாதத்துக்கு 200 கிலோமீட்டருக்கும் குறைவான மிகையே இவ்வாறு திரண்டுவிட்டது.

இரண்டாவது, சேதம். இயல்பான தேய்மானம் வேறு; சேதம் வேறு. டயர் ஓடித் தேய்வது இயல்பு. பக்கவாட்டில் கிழிவது சேதம். எது எதில் சேரும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளாவிடில், வண்டிக்குரியவர் சொல்வதே கணக்காகிவிடும்.

மூன்றாவது, சில்லறை இனங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, இரண்டாம் சாவி, சர்வீஸ் புத்தகம் ஆகியவற்றுள் எது குறைந்தாலும் விலை கேட்பர். கதவில் எழுதிய சங்கத்தின் பெயரை அழித்து வர்ணம் பூசவும் செலவாகும். சுங்கச்சாவடி பாஸ்டேக் சங்கத்தின் கணக்கில் இருந்தால், அதை முடிக்காமல் வண்டியைக் கொடுத்தல் கூடாது.

நான்காவது, நாள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 160ஆம் பிரிவின்படி, தவணை முடிந்ததும் கேளாமலே திருப்பித் தருவது நம் கடமை. நம் தவறால் தாமதமாயின், அதன்பின் நேரும் நஷ்டத்துக்கு நாமே பொறுப்பாளிகள் என்கிறது 161ஆம் பிரிவு. எனினும் சட்டம் ஒரு பக்கமே சாய்வதன்று. ஒப்பந்த மீறலுக்கு ஒரு தொகை குறிக்கப்பட்டிருந்தாலும், அதற்கு மேற்படாத நியாயமான ஈட்டையே கோரலாம் என்பது 74ஆம் பிரிவு.

இதற்குரிய பரிகாரம் நெசவாளருக்குப் புதிதன்று. நூலை எடை போட்டு வாங்குகிறோம். துணியை எடை போட்டுக் கொடுக்கிறோம். வாங்கிய எடை குறிக்கப்படாவிட்டால் குறைவுக்கு யார் பொறுப்பு என்று எவரும் சொல்ல இயலாது. வண்டிக்கும் அதுவே நீதி. பெற்றுக்கொள்ளும் நாளிலேயே ஒவ்வொரு கீறலையும் எழுதி, புகைப்படம் எடுத்து, இரு தரப்பாரும் கையொப்பமிட வேண்டும். மாதந்தோறும் மீட்டர் அளவைக் குழுக் கூட்டத்தில் வைக்க வேண்டும். தவணை முடிய இரண்டு மாதம் இருக்கையில் நம் மெக்கானிக்கைக் கொண்டு சோதித்தால், பழுதை நாம் விசாரித்த விலையில் சரிசெய்துகொள்ளலாம்.

சங்கத்தின் பணம் அங்கத்தினர் ஒவ்வொருவருடைய உழைப்பு. அடுத்த கூட்டத்தில் நம் ஒப்பந்தத்தை எடுத்து, வண்டியைத் திருப்பிக் கொடுப்பது பற்றிய ஷரத்தை உரக்கப் படிப்போமாக.

சிந்திக்க: நம் வண்டியைப் பெற்ற நாளின் நிலைக் குறிப்பு யாரிடம் உள்ளது?