காட்டுத்தீ ஏன் மேட்டுப் பக்கம் ஓடுது?



பிப்ரவரி பிறந்தாலே மலையடிவாரத்தில் புல் காய ஆரம்பித்துவிடும். மே மாதம் வரை காட்டுத்தீக் காலம்தான். விறகுக்கும், புளிக்கும், சீமாறுப் புல்லுக்கும், ஆடு மேய்க்கவும் நம்மில் பலர் காட்டோரம் போகிறோம். அதனால் இந்த மாதப் பாடமாகத் தீயின் குணத்தைத் தெரிந்துகொள்வோம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். தினமும் அடுப்பு மூட்டுகிற நமக்குப் பாதி தெரிந்த விஷயம்தான்.

1. எரிபொருள்

அடுப்பை எதை வைத்துப் பற்ற வைக்கிறோம்? சருகு, ஓலை, சுள்ளி. கட்டை பிறகுதான் பிடிக்கும். காட்டிலும் அப்படித்தான். ஈரம் பட்ட புல்லும் சருகும் நல்ல வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். பெரிய கட்டை காய வாரக்கணக்கில் ஆகும். ஆகவே, "காலையில தூறல் போட்டுச்சே, தீ பிடிக்காது" என்று நம்பிவிடக் கூடாது. உண்ணிச்செடிப் புதர் மண்டிய இடத்தில் தரையில் எரியும் தீ, ஏணியில் ஏறுவதுபோல மரக்கிளைக்கு ஏறிவிடும்.

2. காற்று

ஊதுகுழலால் ஊதினால் தணல் பிடித்துக்கொள்கிறது அல்லவா? காற்று காட்டில் மூன்று வேலை செய்கிறது. தீயை வளர்க்கிறது. சுவாலையைச் சாய்த்து முன்னால் உள்ள புல்லைக் காய வைக்கிறது. தீப்பொறியைத் தூக்கிக்கொண்டு போய்த் தள்ளிப் போடுகிறது. காற்று திசை மாறினால், பக்கவாட்டில் மெதுவாக எரிந்துகொண்டிருந்த தீ சட்டென்று முன்னேறும்.

3. சரிவு

ஒரு தீக்குச்சியைப் பற்ற வைத்துத் தலை கீழாகப் பிடித்தால் தீ கிடுகிடுவென்று விரலை நோக்கி ஏறும். நிமிர்த்திப் பிடித்தால் மெதுவாகத்தான் இறங்கும். சூடு மேலே போவதுதான் காரணம். மலைச்சரிவிலும் கீழே எரியும் தீ மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கி வைத்துவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். போதாததற்குப் பகலில் மலைக்காற்றும் கீழிருந்து மேலாகத்தான் வீசும். உச்சி வெயில் முதல் சாயங்காலம் வரை ஆபத்து அதிகம். இரவில் குளிரும் பனியும் தீயைத் தணிக்கும்.

தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் அருகே குரங்கணி மலையில் 11.3.2018 அன்று இதுதான் நடந்தது. காய்ந்த புல், காற்று, செங்குத்தான சரிவு மூன்றும் சேர்ந்துகொண்டன. மலையேற்றம் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெண்கள் பலர்.

தீயைப் பார்த்தால் என்ன செய்வது?

* மேட்டை நோக்கி ஓடாதீர்கள். நாம் மூச்சு வாங்கி ஏறுவதற்குள் தீ முந்திவிடும். தீயின் பக்கவாட்டில் விலகுங்கள்.
* வெறும் பாறை, சாலை, உழுத நிலம், ஏற்கெனவே எரிந்து ஆறிய தரை ஆகியவை பாதுகாப்பானவை.
* குறுகலான பள்ளத்தில் இறங்காதீர்கள். அது புகைபோக்கிபோல வேலை செய்யும்.
* நைலான், பாலியஸ்டர் துணி உருகி உடம்பில் ஒட்டும். காட்டுக்குப் பருத்திச் சேலையே நல்லது.
* விறகுக் கட்டை, ஆடு என்று நின்று பார்க்காதீர்கள். உயிர்தான் முதலில்.
* உடனே 101 அல்லது 112-க்குச் சொல்லுங்கள். வனக்காப்பாளருக்கும் தெரிவியுங்கள்.

தீ எங்கிருந்து வருகிறது?

நம் நாட்டில் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதர் கையால்தான் தொடங்குகிறது. அணைக்காத பீடி, சமைத்துவிட்டு விட்டுப்போன அடுப்பு, வயலோரம் கொளுத்திய குப்பை எல்லாம் காரணம். "தீ வச்சா மழைக்குப் புதுப்புல் நல்லா வரும்" என்று சொல்பவர்களும் உண்டு. புல் வரும், உண்மைதான். ஆனால் மரக்கன்றுகள் கருகிப்போகும். மூடாக்கு இல்லாத மேல்மண் முதல் மழையிலேயே கரைந்து ஓடும். பிறகு ஓடைத் தண்ணீருக்கும் விறகுக்கும் தூரமாக நடப்பது யார்? நாம்தான்! ஒதுக்குக் காட்டில் தீ வைப்பது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் ஊர்க் காட்டோரத்தில் காய்ந்த புல் மண்டிய சரிவு எங்கே இருக்கிறது?
2. நாம் நடக்கும் பாதையில் தப்பிக்கப் பாறையோ வெட்டவெளியோ எங்கே உள்ளது?
3. வனக்காப்பாளரின் செல்போன் எண் எத்தனை பேரிடம் இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், அந்த எண்ணை வாங்கித் தீர்மான நோட்டில் இன்றைக்கே எழுதி வைப்போம்.