இரவுப் பணிக்குப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

இரத்த வங்கியில் டெக்னீசியன் வேலை கிடைத்ததாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம் என்றும் எழுதியிருந்தாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் உன் உடம்பு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. அதைப் போடவைப்பது நிர்வாகத்தின் கடமை என்று 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. தயங்காமல் கேள். வேலையின்போது கையில் ஊசி குத்திவிட்டால் மறைக்காதே. திட்டு விழும் என்று பயந்து, கையைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. மாத்திரை எந்த அறையில், இரவில் சாவி யாரிடம் என்பதை முதல் நாளே விசாரித்து வை.

ஞாயிற்றுக்கிழமை இரத்ததான முகாம்களுக்கு அனுப்புவார்கள். கொடையாளருக்கு பிஸ்கட்டும் ஜூஸும் இருக்கும். உனக்குச் சாப்பிட நேரமும், பெண்கள் போக ஒரு கழிப்பறையும் இருக்குமா என்பதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். கிளம்பும் முன்பே கேள். எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி ஏற்பாட்டாளர்கள் நெருக்குவார்கள். ஹீமோகுளோபின் 12.5க்குக் கீழே என்றால், வந்தவர் யாராக இருந்தாலும் திருப்பி அனுப்பு. முகாம் முடிந்ததும் வீட்டுக்குப் போக முடியாது. பிளேட்லெட்டைச் சில மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும், பிரித்தது 5 நாள்தான் தாங்கும். அந்த ஞாயிறுக்கு ஈடான விடுப்பைக் கேட்டால், ‘இது சேவை அம்மா’ என்பார்கள். இரத்தத்துக்குக் காசு வாங்கக் கூடாது என்ற தடை உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 1998 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது கொடையாளருக்கு. உன் உழைப்புக்கு அல்ல.

எனக்குப் பெரிய கவலை இரவுப் பணிதான். பிரசவ வார்டிலிருந்தும் விபத்துப் பிரிவிலிருந்தும் ஒரே நேரத்தில் ஆள் வந்து நிற்பார்கள். குரூப் பார்ப்பது, கிராஸ்மேட்ச் செய்வது, பதிவேடு எழுதுவது, போனை எடுப்பது, உறவினரின் கோபத்தைத் தாங்குவது எல்லாம் நீ ஒருத்தி. குரூப் மாறி இரத்தம் ஏறும் விபத்துகளில் பெரும்பாலானவை சோதனையில் நடப்பதில்லை. பெயரிலும் லேபிளிலும்தான் நடக்கின்றன. அதாவது, களைத்த கண்ணில்.

2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. அந்தத் தாய்க்கு நேர்ந்ததற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. டெக்னீசியன்கள் மேல் உடனே நடவடிக்கை பாய்ந்தது. பொறுப்பு கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும். ஆனால் எத்தனை பேர் செய்ய வேண்டிய வேலையை எத்தனை பேர் செய்கிறார்கள் என்ற கேள்வியும் ஒவ்வோர் இரத்த வங்கியிலும் கேட்கப்பட வேண்டும். நீ செய்யாத சோதனைக்கு, யார் சொன்னாலும், கையெழுத்துப் போடாதே. எவ்வளவு அவசரமானாலும் பையின் எண்ணையும் நோயாளியின் பெயரையும் வாங்க வந்தவரோடு சேர்ந்து உரக்க வாசித்த பிறகே கொடு.

இரவுக்கு இரண்டாவது ஆள் வேண்டும் என்று வாயால் சொல்லிப் பயனில்லை. மனுவாக எழுது. உன்னோடு வேலை பார்ப்பவர்களையும் கையெழுத்திடச் சொல். அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா