ஜிடிஐயா, ஜிடிஇயா? புதிதா, பழையதா?

பிரிட்டனில் 40,000 பவுண்டுக்குள் துடிப்பான சின்னக் கார் தேடுகிறவருக்கு இன்று நான்கு வழிகள் உண்டு. வேகமான சின்னக் காரான ஹாட் ஹேட்ச் அல்லது பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட், இரண்டிலும் புதிது அல்லது பழையது. நான்கையும் ஒரே காரில் வைத்து ஒப்பிட முடியும் என்பதால் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபை எடுத்துக்கொள்வோம். ஹாட் ஹேட்சான ஜிடிஐ பெட்ரோலில் மட்டும் ஓடும். பிளக்-இன்னான ஜிடிஇயில் பெட்ரோல் எஞ்சினோடு மோட்டாரும் பேட்டரியும் உண்டு. கோல்ஃபின் ஏழாம் தலைமுறையில் கட்டம் போட்ட இருக்கைத் துணியில் முன்னதற்குச் சிவப்புக் கோடு, பின்னதற்கு நீலக் கோடு. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தக் காசில் ஹாட் ஹேட்ச் வாங்குகிறவர் பழையதைப் பார்க்கட்டும். பிளக்-இன் வேண்டுமென்றால் புதியது, அதுவும் முடிந்தால் வேலை செய்யும் கம்பெனி வழியாக.

ஹாட் ஹேட்ச் பழையதாக இருக்கட்டும் என்பதற்கு முதல் காரணம், ஷோரூமில் சரக்கே குறைந்துவிட்டது. ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டியின் கதை 2023 ஜூலையில் ஃபியஸ்டாவோடு முடிந்தது. ரெனோ மெகான் ஆர்எஸ் அதே ஆண்டில் போயிற்று. ஹூண்டாய் ஐ30 என் 2024இல் ஐரோப்பியச் சந்தையை விட்டு விலகியது. ஃபோர்டின் ஃபோகஸும் 2025 நவம்பரோடு சரி. மிஞ்சியிருக்கும் புது கோல்ஃப் ஜிடிஐயில் 265 குதிரைத்திறன் இருக்கிறது, கையால் மாற்றும் கியர் இல்லை. கிளட்சை மிதித்துக் கியர் போடும் சுகத்துக்காகத்தானே பலர் இந்த வகைக் காரையே விரும்புகிறார்கள்? அவர்களுக்குப் பழைய சந்தைதான் கதி.

இரண்டாவது காரணம் வரி. ஏப்ரல் 2017க்குப் பிறகு பதிவான காரின் பட்டியல் விலை 40,000 பவுண்டைத் தாண்டினால், இரண்டாம் ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குச் சாலை வரியோடு ஒரு கூடுதல் வரியும் உண்டு. 2025-26இல் சாதாரண வரி 195 பவுண்டு, கூடுதல் 425. புது ஜிடிஐயின் விலை அந்த எல்லையை உரசிக்கொண்டு நிற்கிறது. பெரிய சக்கரம், கூரைக் கண்ணாடி என்று எதையாவது சேர்த்தால் தாண்டிவிடும். டீலர் தள்ளுபடி கொடுத்தாலும் கணக்கில் வருவது பட்டியல் விலைதான். பழைய கார் வாங்குகிறவரும் இதில் ஏமாறக் கூடாது. மூன்று வயதுக் காரை 25,000க்கு வாங்கினாலும், புதிதாக விற்றபோது அது 40,000ஐத் தாண்டியிருந்தால் மிச்ச ஆண்டுகளின் கூடுதல் வரி உங்கள் தலையில் விழும்.

பழைய ஹாட் ஹேட்ச் பார்க்கப் போனால் முதலில் டயரைப் பாருங்கள். நான்கும் ஒரே நல்ல கம்பெனியின் டயராக இருந்தால் சொந்தக்காரர் கார் மேல் அக்கறை உள்ளவர். முன்னால் பெயரே கேள்விப்படாத மலிவு டயர், பின்னால் வேறொன்று என்றால் சர்வீஸிலும் அதே கஞ்சத்தனம்தான் நடந்திருக்கும். ஆறு கியர் டிஎஸ்ஜி தானியங்கிப் பெட்டி உள்ள ஜிடிஐ என்றால் 40,000 மைலுக்கு ஒருமுறை கியர் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியதற்கு ரசீது கேளுங்கள். ஏழாம் தலைமுறையில் தண்ணீர் பம்பும் தெர்மோஸ்டாட் உறையும் கசிவதாக அடிக்கடி புகார் உண்டு. கூலண்ட் தொட்டியில் அளவு குறைந்திருக்கிறதா என்று எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்த்துவிடுங்கள். நம்பர் பிளேட்டை அரசு இணையதளத்தில் போட்டால் எம்ஓடி என்னும் ஆண்டுச் சோதனையின் பழைய முடிவுகள் அத்தனையும் இலவசமாகக் கிடைக்கும். கடன் பாக்கியும் விபத்துப் பதிவும் தெரிய சில பவுண்டு செலவாகும். அதில் கஞ்சம் பிடிக்க வேண்டாம்.

பிளக்-இன் விஷயம் வேறு. இங்கே ஆண்டுக்கு ஆண்டு சரக்கே மாறிக்கொண்டிருக்கிறது. 2015இல் வந்த ஏழாம் தலைமுறை ஜிடிஇயின் பேட்டரி 8.7 யூனிட் (கிலோவாட் மணி). காகிதத்தில் மின்சாரத்தில் மட்டும் 31 மைல், நடைமுறையில் இருபதை ஒட்டி, குளிரில் இன்னும் குறைவு. 2024இல் வந்ததில் 19.7 யூனிட், காகிதத்தில் 80 மைலுக்கு மேல், கூடவே 272 குதிரைத்திறன். பழையதற்கு வேகச் சார்ஜ் வசதியே கிடையாது, புதியதற்கு உண்டு. அதனால்தான் பழைய பிளக்-இன்னில் கிடைக்கும் விலைக்குறைப்பு ஹாட் ஹேட்சில் கிடைப்பதைப் போல உண்மையான லாபம் ஆவதில்லை.

எதை வாங்கினாலும் பிளக் எங்கே என்பதுதான் முதல் கேள்வி. வீட்டு முன்னால் கார் நிறுத்த இடம் இருந்தால் மூன்று முள் பிளக்கே போதும். பழைய ஜிடிஇ அதில் நான்கு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். லண்டனின் ஈஸ்ட் ஹாம் போன்ற இடங்களின் வரிசை வீடுகளில் தெருவில் இடம் கிடைப்பதே பெரும்பாடு, கேபிளை நடைபாதை மேல் எப்படி இழுப்பது? கணக்கைப் பாருங்கள். பெட்ரோல் லிட்டர் 1.35 பவுண்டு, ஜிடிஐ காலனுக்கு 35 மைல் என்றால் மைலுக்கு 17.5 பென்ஸ். யூனிட்டுக்கு மூன்று மைல் ஓடும் பிளக்-இன்னுக்கு, வீட்டு மின்சாரம் 27 பென்ஸ் என்றால் மைலுக்கு 9 பென்ஸ். இரவு நேரச் சலுகைக் கட்டணத்தில் மூன்று பென்ஸுக்கும் கீழே இறங்கலாம். பொது வேகச் சார்ஜரில் யூனிட் 75 பென்ஸ் என்றால் மைலுக்கு 25, அதாவது ஜிடிஐயை விட அதிகம். வீட்டில் பிளக் இல்லாதவருக்கு இந்தக் கார் பேட்டரிச் சுமையோடு ஓடும் பெட்ரோல் கார். 150 கிலோவுக்கு மேல் எடை கூடுதல். ஏழாம் தலைமுறையில் டிக்கியும் 380 லிட்டரிலிருந்து 272ஆகச் சுருங்கியது. வளைவுகளில் அந்த எடை தெரியும். தெரியாது என்று விற்பனையாளர் சொல்வார்.

கம்பெனி கார் என்றால் படமே மாறிவிடுகிறது. 2025-26இல் 70 மைலுக்கு மேல் மின்சாரத்தில் ஓடும் பிளக்-இன்னுக்கு விலையில் 6 சதவீதம்தான் வருமானமாகக் கணக்காகிறது. ஜிடிஐக்கு 37 சதவீதம். இரண்டின் விலையும் 40,000 பவுண்டு என்று வைத்தால், 40 சதவீத வரி கட்டுகிறவருக்கு ஜிடிஇக்கு ஆண்டுக்கு 960 பவுண்டு, ஜிடிஐக்கு 5,920. இதற்கு மேல் வாதம் என்ன இருக்கிறது? சலுகை நிரந்தரமல்ல. 2028-29இல் அந்த 6 சதவீதம் 18 ஆகிறது. 2028 ஏப்ரலிலிருந்து பிளக்-இன்களுக்கு மைலுக்கு 1.5 பென்ஸ் வரி என்றும் அரசு அறிவித்திருக்கிறது.

இந்த வரிச் சலுகைக்கு ஒரு பின்விளைவும் உண்டு. வரிக்காக எடுத்து, சார்ஜே போடாமல் மூன்று ஆண்டு பெட்ரோலில் ஓட்டிவிட்டுத் திருப்பித் தந்த கம்பெனி கார்கள் பழைய சந்தைக்கு வருகின்றன. டிக்கியில் கேபிள் உறை பிரிக்காமல் கிடந்தால் புரிந்துகொள்ளுங்கள், எஞ்சின்தான் எல்லா வேலையும் செய்திருக்கிறது. ஏழாம் தலைமுறை ஜிடிஇயில் சார்ஜ் போடும் துளை முன் கிரில்லில் இருக்கும் கம்பெனிச் சின்னத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதைத் திறந்து, அங்கேயே பிளக்கை மாட்டி, சார்ஜ் ஏறுகிறதா, நிரம்பியதும் எத்தனை மைல் காட்டுகிறது என்று பாருங்கள். பேட்டரி உத்தரவாதம் எட்டு ஆண்டு அல்லது சுமார் ஒரு லட்சம் மைல், முதல் வரவுகளுக்கு அது முடிந்துவிட்டது. தினமும் பத்துப் பதினைந்து மைல் போய்வருகிறவர், வீட்டில் பிளக் உள்ளவர், விலை நன்றாகக் குறைந்திருக்கிறது என்றால் மட்டும் பழைய ஜிடிஇயை எடுக்கலாம். ஏப்ரல் 2017க்கு முன் பதிவானது என்றால் அதற்கான சாலை வரி ஆண்டுக்கு 20 பவுண்டுதான்.

முன்பணம் கொடுக்கும் முன் அந்தக் காரின் நம்பர் பிளேட்டைப் போட்டுக் காப்பீட்டு விலை பார்த்துவிடுங்கள். வீட்டில் 25 வயதுக்குட்பட்ட மகனோ மகளோ ஓட்டப் போகிறார்கள் என்றால் அவர்கள் பெயரையும் சேர்த்தே பாருங்கள். சக்தியைக் கூட்ட எஞ்சின் மென்பொருளை மாற்றிய, அதாவது ரீமேப் செய்த கார் என்றால் அதையும் சொல்லியாக வேண்டும். மறைத்தால் விபத்தன்று காப்பீடு கை கொடுக்காது.